19 வயதுத் தம்பிக்குப் புற்றுநோய்: ‘தைரியமா இரு’ என்பதைத் தவிர என்ன சொல்வது?

நீங்கள் கேட்டது இது. கடலூர் முதுநகரில் வீடு. 19 வயதுத் தம்பிக்கு முட்டிக்கு மேலே, தொடை எலும்பில் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். புதுச்சேரி ஜிப்மரில் கீமோ, பிறகு காலை எடுக்காமல் உள்ளே உலோக மூட்டு வைத்து ஆபரேஷன், மறுபடி கீமோ. போன மாத ஸ்கேனில் நுரையீரலில் முடிச்சுகள், அதாவது நோய் அங்கே பரவியதன் அடையாளம். அது வீட்டாருக்குத் தெரியும், அவனுக்குச் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க போனோடு விழித்துக் கிடக்கிறான், அம்மா மேல் எரிந்து விழுகிறான், இரண்டு முறை ‘விட்டுடுங்க’ என்று சொல்லிவிட்டான். ‘இந்த வயசுப் பிள்ளைங்க இதை எப்படித் தாங்குறாங்க, அவனுக்கு எப்படித் தைரியம் சொல்றது?’ என்று முடித்திருக்கிறீர்கள். தைரியம் சொல்வது பற்றிக் கேட்டிருந்தாலும், நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது வேறு: அவனிடம் மறைப்பது சரியா, அவன் பக்கத்தில் எப்படி உட்காருவது. அதற்குத்தான் இந்தப் பதில். அவனுடைய ஸ்கேனையோ ரத்தப் பரிசோதனையையோ நான் பார்க்கவில்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவனுடைய டாக்டர் சொல்ல வேண்டியது.

தைரியத்தை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். மனம் தளர்ந்தால் கட்டி வளரும், திடமாக இருந்தால் சுருங்கும் என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. அதற்கு ஆதாரம் இல்லை. 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் உள்ள 1,093 பேரின் மனநிலையையும் அவர்கள் எத்தனை நாள் வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதனால் கூடுதலாக வாழவில்லை. இது கசப்பான செய்தி அல்ல. அவன் அழுதால், கோபப்பட்டால், ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அதனால் நோய் முற்றப்போவதில்லை என்று அர்த்தம். ‘தைரியமா இருப்பா’ என்று சொல்லும் உறவினர் அன்பாகத்தான் சொல்கிறார். பையன் காதில் அது ‘என் எதிரில் அழாதே’ என்றுதான் விழுகிறது. மூன்றாவது உறவினர் வந்து போனபின் அவன் கதவைச் சாத்திக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

இந்த வயதில் பிள்ளை அப்போதுதான் வீட்டுக்கு வெளியே ஒரு காலை எடுத்து வைத்திருப்பான். பைக் சாவி, கல்லூரி, சொந்தமாகச் சம்பாதித்த முதல் காசு, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் அறை. நோய் வந்ததும் அவ்வளவும் சில வாரங்களில் போய்விடுகிறது. அம்மா சோறு ஊட்டுகிறாள், அப்பா பாத்ரூம் வரை கைப்பிடித்துப் போகிறார், டாக்டர் அவன் தலைக்கு மேலே வீட்டாரிடம் பேசுகிறார். அம்மாவிடம் எரிந்து விழுவது பெரும்பாலும் இதற்கான கோபம்தான். எது சொன்னாலும் விட்டுப் போகமாட்டாள் என்று அவன் நிச்சயமாக நம்பும் ஒரே ஆள் அவள் என்பதால் அவள் மேல் விழுகிறது. தாக்குப்பிடிக்கிற பிள்ளைகளிடம் பொதுவாகத் தெரிவது ஒன்று: சின்னதாகவேனும் சில முடிவுகள் அவர்கள் கையில் மிச்சம் இருக்கின்றன. ஊசி எந்தக் கையில், கூட யார் வரவேண்டும், எந்த பஸ், யாரைப் பார்க்க அனுமதிப்பது, யாரிடம் விஷயத்தைச் சொல்வது. இவற்றை அவனிடமே விடுங்கள். ஒன்று கவனம்: மறுக்க முடியாத விஷயத்தில் ‘வேணுமா, வேணாமா?’ என்று கேட்டுவிட்டு, அவன் வேண்டாம் என்றதும் கட்டாயப்படுத்தினால் பிறகு எந்தக் கேள்வியையும் நம்பமாட்டான். ‘மாத்திரை இப்பவா, சாப்பிட்டு அரை மணி கழிச்சா?’ என்பது போல, இரண்டில் எதைச் சொன்னாலும் உங்களால் ஒப்புக்கொள்ள முடிவதை மட்டும் கேளுங்கள்.

மனசைப் பற்றிப் பேசும் முன் உடம்பைப் பார்த்தாக வேண்டும். ராத்திரித் தூக்கமின்மை, எரிச்சல் இரண்டும் மருந்தின் வேலையாக இருக்கலாம். வாந்தி வராமல் இருக்க கீமோவோடு சில நாட்கள் டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார்கள். அது ஸ்டீராய்டு, தூக்கத்தைக் கெடுக்கும், சிடுசிடுப்பைக் கூட்டும், நிறுத்திய ஓரிரு நாளில் ஆளைச் சோர்வாகக் கிடத்திவிடும். அன்றைய அளவைக் காலையிலும் மதியத்திலுமே முடித்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதேபோல வாந்திக்குப் பெரினார்ம் என்ற பெயரில் வரும் மெட்டோகுளோபிரமைடு சில இளைஞர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஓர் இடத்தில் உட்கார முடியாத தவிப்பு, கால்களை ஆட்டிக்கொண்டே இருப்பது, சில சமயம் கழுத்தோ தாடையோ இழுத்துக்கொள்வது. பயத்தால் வரும் பதற்றம் என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள். மருந்தை மாற்றினால் அடங்கிவிடும். ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் வரும் அசதியைப் பார்த்தால் மனச்சோர்வு போலவே இருக்கும். வாந்திக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான ஒன்டான்செட்ரான் மலச்சிக்கலைக் கொடுக்கும். நான்கு நாள் வயிறு போகாதவனிடம் யார் சிரித்த முகத்தை எதிர்பார்க்க முடியும்? சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து உடம்பில் போயிருந்தால் காதில் ‘ங்’ என்ற ரீங்காரமும் மெல்லிய சத்தங்கள் கேட்காமல் போவதும் உண்டு. கூப்பிட்டால் திரும்பாததற்குத் திமிர் காரணம் இல்லாமலும் இருக்கலாம். காது பரிசோதனை கேளுங்கள்.

வலியைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வயதுப் பையன்கள் வலியை மறைப்பார்கள். சொன்னால் மறுபடி ஸ்கேன், மறுபடி அட்மிஷன் என்ற பயம். ‘வலிக்குதா?’ என்றால் ‘இல்ல’ என்பான். ‘பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள எவ்வளவு? ராத்திரி எவ்வளவு?’ என்று கேட்டால் எண் சொல்வான். டாக்டர் மார்ஃபின் எழுதினால் பயந்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் எடுப்பது போதைப் பழக்கம் ஆவது அரிது. ‘கடைசிக் கட்டம்’ என்பதும் அதற்குப் பொருள் அல்ல. சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் நிற்கும் என்பதால், வலி வரும்வரை காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கூடவே மலமிளக்கி கட்டாயம். அது இல்லாமல் ஆரம்பித்துத்தான் பலர் ‘இந்த மருந்து ஒத்துக்கலை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். வலி தணிப்புப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள். 2010-இல் வந்த ஆய்வொன்றில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு ஆரம்பத்திலிருந்தே வலியையும் மற்ற தொல்லைகளையும் குறைக்கும் தணிப்புச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தபோது மனச்சோர்வு குறைந்தது. அவர்கள் வயதானவர்கள், வேறு புற்றுநோய். ஆனாலும் கீமோவும் தணிப்புச் சிகிச்சையும் ஒன்றையொன்று தடுப்பதில்லை என்பதில் சந்தேகம் இல்லை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. கடலூர் பக்கம் என்றால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இனி, மறைப்பது. அவனுக்குத் தெரியாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஃபைலைச் சுமப்பது அவன், போன் வைத்திருப்பது அவன், ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள ஒரு சொல்லைத் தட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் பார்ப்பது விளையாட்டு வீடியோவாகவும் இருக்கலாம், அந்தச் சொல்லாகவும் இருக்கலாம். 1970-களில் அமெரிக்காவில் ரத்தப் புற்றுநோய் வார்டில் இருந்த சின்னக் குழந்தைகளோடு பழகிப் பார்த்த மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர், யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தைகள் தங்கள் நிலையை அறிந்திருந்ததையும், பெற்றோர் வருந்துவார்களே என்று தெரியாதது போல நடந்துகொண்டதையும் பதிவு செய்தார். அந்தக் குழந்தைகளுக்கு 10 வயதுகூட ஆகவில்லை. உங்கள் தம்பிக்கு 19; சட்டப்படி அவன் உடம்பில் செய்யும் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவனே அவன்தான். ஸ்வீடனில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் கேட்டு 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சாவைப் பற்றிப் பிள்ளையிடம் பேசியிருந்த 147 பேரில் ஒருவர்கூட ஏன் பேசினோம் என்று வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். நம் குடும்பங்களின் பேச்சும் மௌனமும் வேறு மாதிரி, அதனால் அந்த எண்ணிக்கையை அப்படியே இங்கே பொருத்தமாட்டேன். ஆனால் மறைத்தால் பிள்ளை நிம்மதியாக இருப்பான் என்ற நம்பிக்கைக்கு இந்த ஆய்வுகளில் ஆதரவு இல்லை.

அதற்காக இன்றைக்கே உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லை. முதலில் எவ்வளவு வேண்டும் என்று அவனிடமே கேளுங்கள்: ‘ஸ்கேன் பத்தி டாக்டர் சொல்றதை நீயே கேக்குறியா, இல்ல நான் கேட்டு உனக்கு வேண்டியதை மட்டும் சொல்லட்டுமா?’ எதைச் சொன்னாலும் அது அவன் முடிவு. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள். அவன் கேட்கிறேன் என்றால், ஓ.பி. கூட்டத்தில் நின்றுகொண்டு கேட்காமல், பத்து நிமிடம் உட்கார்ந்து பேச எப்போது வரலாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். கேள்விகளை அவன் கையால் எழுதட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் சில நிமிடங்களாவது நீங்களும் அம்மாவும் வெளியே இருங்கள். தாம்பத்தியம், குழந்தை, குடி, சிகரெட், சாவு என்று அக்கா எதிரில் ஒரு பையன் கேட்க முடியாத கேள்விகள் உண்டு. கீமோ மருந்துகளில் சில விந்தணுவைப் பாதிக்கும் என்பதால், முதல் கீமோவுக்கு முன்பே விந்தைச் சேமித்து வைப்பதுண்டு. ஓரிரு நாள் வேலைதான், ஆனால் அவசரத்தில் விட்டுப்போகும். இதைப் படிக்கும் வேறு குடும்பத்துக்கு இன்னும் நேரம் இருந்தால் நாளைக்கே கேளுங்கள். உங்கள் தம்பிக்கு இப்போது பரிசோதிக்கலாமா, எப்போது என்பதை டாக்டர் அவனிடம் தனியாகச் சொல்லலாம்.

டாக்டர் பேசியபின் அவன் மௌனமாக இருந்தால் அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள். ‘ஒண்ணும் ஆகாது’ என்று மட்டும் சொல்ல வேண்டாம். அது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. ‘உன்கிட்ட இனிமே எதையும் ஒளிக்கமாட்டோம். எது வந்தாலும் உன்கூட இருப்போம்’ என்பதைக் காப்பாற்ற முடியும். ‘நான் செத்துடுவேனாக்கா?’ என்று கேட்டால், ‘ஏன்டா அப்படிப் பேசுற’ என்று வாயை மூடாதீர்கள். ‘அந்த பயம் எனக்கும் இருக்கு. உனக்கு எதை நினைச்சு பயம்?’ என்று கேளுங்கள். பலருக்குச் சாவைவிட மூச்சுத் திணறலும் வலியும் அம்மா என்ன ஆவாள் என்பதும்தான் பயம். அவற்றில் முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு என்று டாக்டரால் சொல்ல முடியும். வாய்ப்பு எவ்வளவு என்று அவன் கேட்கலாம். பரவாத ஆஸ்டியோசார்கோமாவில் கீமோவும் ஆபரேஷனும் செய்தபின் ஏறத்தாழ மூன்றில் இருவர் நீண்ட காலம் வாழ்கிறார்கள். நுரையீரலுக்குப் போனபின் அது வெகுவாகக் குறைகிறது; ஆனால் எல்லா முடிச்சுகளையும் அறுத்தெடுக்க முடிந்தவர்களில் ஒரு பங்கினர் குணமடைந்திருக்கிறார்கள். உங்கள் தம்பி எந்தப் பக்கம் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. முடிச்சுகள் எத்தனை, எடுக்கக்கூடிய இடத்தில் உள்ளனவா என்பதுதான் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

‘விட்டுடுங்க’ என்ற சொல்லைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘வலி தாங்கலை’ என்பதாக இருக்கலாம். ‘இந்த மருந்து போதும், ஓய்வு வேணும்’ என்பதாக இருக்கலாம். ‘அம்மா கழுத்துல இருந்த செயினைக் காணோம், எனக்காகக் கடன் வாங்காதீங்க’ என்பதாக இருக்கலாம், இந்த வயதில் இது மிக அதிகம். அல்லது சாக வேண்டும் என்ற எண்ணமாகவே இருக்கலாம். ஊகிக்காமல் கேளுங்கள்: ‘எதை விடச் சொல்ற?’ பிறகு நேராக, ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இது உறுதியாகத் தெரிந்த விஷயம். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழில் பேசலாம். வீட்டிலோ கொட்டகையிலோ பயிருக்கு அடிக்கும் மருந்து இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்; மாத்திரைகள் உங்கள் கையில் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல், பிடித்த எதிலும் நாட்டமே இல்லை, நாள் முழுக்க மனம் கனத்திருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் ஆலோசனையும் பலன் தரும். பசியின்மை, அசதி இரண்டையும் வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், அவை கீமோவாலும் வரும்.

காரணம் பணம் என்றால், கணக்கை அவனிடம் காட்டிவிடுவது நல்லது; மறைத்தால் நிஜத்தைவிடப் பெரிய தொகையை அவனே கற்பனை செய்துகொள்வான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். நுரையீரல் ஆபரேஷனுக்குச் சென்னைக்கு அனுப்பினால், ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் புற்றுநோயாளிக்குக் கட்டணம் முழுத் தள்ளுபடி, கூடச் செல்பவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். காலின் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வரும்.

மற்ற நாட்களை எப்படி ஓட்டுவது? 21 நாளுக்கு ஒரு முறை கீமோ என்றால், கீமோ போட்ட 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அதன்பின் மெல்ல ஏறும். காலண்டரில் இரண்டு நிறத்தில் குறித்து அவன் அறையில் மாட்டுங்கள். இறங்கும் நாட்களில் கூட்டமும் சளி பிடித்த நண்பர்களும் வேண்டாம். ஏறிய நாட்களில் அவனைப் பூட்டி வைக்காதீர்கள். வார நாளில், காலை ஆறு மணிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை காலியாகத்தான் இருக்கும். வெளியே நறுக்கி வைத்த பழம், மோர், பானிபூரி வேண்டாம். வீட்டில் சூடாகச் சமைத்தது எதுவும் சாப்பிடலாம். பச்சைக் காய்கறி, பழம் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்துவது, சுத்தமாகக் கழுவிச் சமைப்பதைவிடக் கூடுதல் பாதுகாப்பு தருவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துக் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிட்டு மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போய், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, ‘கீமோ போட்ட பிள்ளை, காய்ச்சல்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்குக் கூட்டிப்போவது அதன் பிறகு.

கோரிமேடு நெருங்கும்போதே அவனுக்குக் குமட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது நடிப்பு இல்லை. முந்தைய வாந்தியோடு அந்த வாசனையையும் வழியையும் மூளை முடிச்சுப் போட்டுவிட்டது. அதற்கு முந்தின இரவே கொடுக்கும் மாத்திரை உண்டு, கேளுங்கள். இதே காரணத்தால் கீமோ அன்று அவனுக்கு மிகப் பிடித்த வஞ்சிரக் குழம்பைக் கொடுத்து அனுப்பாதீர்கள். கீமோவுக்குச் சற்று முன் சாப்பிட்ட உணவின் மேல் வெறுப்பு வருவது 1978-இலேயே பிள்ளைகளிடம் சோதித்து அறியப்பட்டது. பிடித்த உணவு ஒன்று வெறுத்துப்போய்விடலாம். அன்றைக்கு இட்லி போல சாதாரணமானது போதும், போகும் வழியில் அவன் வழக்கமாகச் சாப்பிடாத ஒரு மிட்டாய் கொடுத்தால் வெறுப்பு அதன் மேல் போய்விடலாம்.

அசதிக்கு ஓய்வு மட்டும் மருந்தல்ல. வாரம் மூன்று நாள், 30 நிமிடம் மிதமான உடற்பயிற்சி புற்றுநோய் அசதியையும் பதற்றத்தையும் குறைக்கிறது என்பது நன்கு நிறுவப்பட்ட விஷயம். உலோக மூட்டு வைத்த காலுக்கு என்ன பயிற்சி என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். பத்து நிமிடத்தில் ஆரம்பிக்கலாம். போனைப் பிடுங்காதீர்கள், அதில்தான் அவன் நண்பர்கள் இருக்கிறார்கள். எழும் நேரத்தை மட்டும் ஒரே நேரமாக வைத்தால் தூக்கம் தானே முன்னுக்கு நகரும். நண்பர்கள் காணாமல் போயிருந்தால் பெரும்பாலும் என்ன பேசுவதென்று தெரியாமல்தான். ஒருவனைக் கூப்பிட்டு, ‘எப்படி இருக்கன்னு கேக்காத, மேட்ச் பத்திப் பேசு, கிளாஸ் நோட்ஸ் அனுப்பு’ என்று சொல்லுங்கள். சியாட்டிலில் 12 முதல் 25 வயது வரையான 92 நோயாளிகளிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், பதற்றத்தைக் கையாளுவது, எட்டக்கூடிய இலக்கு வைப்பது, தன்னையே குத்தும் எண்ணங்களை மறுபரிசீலனை செய்வது, நடந்ததில் ஒரு பொருளைக் காண்பது என்ற நான்கையும் சில அமர்வுகளில் கற்றுக்கொண்டவர்களுக்கு மனவேதனை குறைந்தது. சின்ன ஆய்வு, ஒரே மருத்துவமனை. ஆனால் இலக்கு வைப்பதை மட்டுமாவது வீட்டில் செய்யலாம். ‘குணமாகி பைக் ஓட்டணும்’ என்பது அவன் கையில் இல்லை; ‘இந்த வாரம் ஒரு அரியர் பேப்பருக்கு இரண்டு யூனிட்’ என்பது இருக்கிறது.

கோயில் வேண்டுதல் அம்மாவுக்குப் பலம் என்றால் தடுக்க வேண்டாம். பட்டினி விரதமும், டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்கும் கஷாயமும் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே கீமோவைச் சமாளிக்கும் சிறுநீரகமும் கல்லீரலும் அதையும் தாங்க வேண்டியிருக்கும்.

அடுத்த ஓ.பி. நாளில் ஃபைலை அவன் மடியில் வையுங்கள். டாக்டர் உங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால், நீங்கள் அவனைப் பாருங்கள்.